வெறும் ஆசிட்

நூலைப் பிடித்துத் தூக்கினாள் சின்னவள். நூல் வந்தது. தகடு வரவில்லை.

முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து பீக்கருக்குள் பார்த்தாள். காலையில் குடிதண்ணீர் மாதிரி தெளிவாக இருந்த ஆசிட் இப்போது பச்சையும் கறுப்புமாகக் கலங்கி, சோடா பாட்டிலை உடைத்து ஊற்றியதுபோல் பொங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஏதோ கிடந்தது. பிளாஸ்டிக் இடுக்கியை விட்டு எடுத்தாள். தகடுதான். ஆனால் தகடு என்று சொல்லிக்கொள்ள அதில் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. நூல் கோத்த துளை இருந்த மேல்பக்கத்தையே காணோம். ஓரமெல்லாம் பூச்சி தின்ற இலையாகிக் கிடந்தது. கையுறை விரலால் லேசாகத் தொட்டாள். நடுவில் பொத்துக்கொண்டு விரல் மறுபக்கம் வந்துவிட்டது.

"அண்ணி!"

அந்த வீட்டில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்த அண்ணி, கையில் சொட்டும் நுரையோடு ஓடி வந்தாள்.

"என்னடி? கையைச் சுட்டுக்கிட்டியா? கண்ணுல பட்டுச்சா? வாயைத் திறந்து சொல்லேன்!"

சின்னவள் இடுக்கியை நீட்டினாள். அதன் முனையில் கறுப்பாக ஒரு துணுக்கு தொங்கியது.

"என்ன இது, அடுப்புக் கரியா?"

"தகடு அண்ணி. காலையில நான் போட்ட தகடு."

அண்ணியின் முகத்திலிருந்த எரிச்சல் சட்டென்று இறங்கிப் போனது. அவள் பாய்லர் மேஸ்திரியின் மனைவி. ஆசிட்டில் இரும்பு இப்படி ஆவது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சின்னவளின் அண்ணன் பாய்லர் கழுவுகிறவர். ஊரில் அவருக்கு மேஸ்திரி என்றே பேர். பாய்லர் குழாய்களுக்குள் வெந்நீர் ஓடி ஓடி, சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு கட்டிவிடும். ஆசிட்டை விட்டால் அது கரைந்து போகும். ஆனால் படிவைத் தின்ற ஆசிட் அதோடு நிற்காது, பசி அடங்காமல் குழாயையும் தின்னும். அதனால் ஆசிட்டோடு ஒரு மருந்தைக் கலப்பார்கள். இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டையைப் போல அது படிந்துகொள்ளும். ஆசிட் படிவை மட்டும் தின்றுவிட்டு, இரும்பைத் தொடாமல் வெளியே வந்துவிடும்.

மேஸ்திரி கலப்பது மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்து. அவருடைய அப்பா கலந்ததும் அதைத்தான். கேனின் மூடியைத் திறந்தாலே கருகிய ரப்பர் வாடை மூக்கில் ஏறி, தொண்டையில் முள்ளாய்க் குத்தும். அப்பா இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். இப்போது அதே இருமல் அண்ணனுக்கு வந்திருக்கிறது. அதே சத்தம், அதே இழுப்பு. அடுத்த அறையில் படுத்திருக்கும் சின்னவளுக்குச் சில சமயம் அப்பாதான் திரும்பி வந்து இருமுகிறாரோ என்று தோன்றும். டாக்டர் நெஞ்சின் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் புகையை இனிமே உள்ள இழுத்தீங்கன்னா, அடுத்த தடவை என்கிட்ட வராதீங்க. வந்தும் பிரயோஜனம் இல்ல."

அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் உட்கார்ந்தார். அப்போதுதான் டீச்சர் வந்தாள். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். இறால் ஓட்டிலிருந்து எடுத்த ஒரு பொடியை டப்பாவில் கொண்டுவந்தாள். இயற்கையாகக் கிடைக்கிற பாலிமர் அது, நீளமான சங்கிலி மாதிரி. அப்படியே போட்டால் ஆசிட்டில் சரியாகக் கரையாமல் கட்டிகட்டியாக மிதக்கும். அந்தச் சங்கிலியில் ஆங்காங்கே வேறு துண்டுகளைக் கோத்து, நன்றாகக் கரையவும் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும் மாற்றியிருந்தாள். வாடை கிடையாது. வேலை முடிந்து சாக்கடையில் விட்டாலும் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களே தின்று தீர்த்துவிடும். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் அருமையாக வேலை செய்தது. கடைத்தெருவில் வாங்குகிற ஆசிட்டில், நிஜமான குழாய் இரும்பில் என்ன செய்யும் என்று பார்க்கத்தான் மேஸ்திரி வீட்டின் நடைவழியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு மேசையைப் போட்டாள்.

பரிசோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சுடுநீர்த் தொட்டியில் இரண்டு பீக்கர். ஒன்றில் வெறும் ஆசிட். இன்னொன்றில் ஆசிட்டோடு, அந்தப் பொடியைக் கரைத்த இறால் பசை. இரண்டிலும் ஒரே மாதிரித் தகடு. வெறும் ஆசிட்டில் கிடப்பது தேய்ந்து, பசையில் கிடப்பது தேயாமல் இருந்தால் பசை வேலை செய்கிறது என்று அர்த்தம். காலையில் தகடுகளைத் தொங்கவிட்டு, மதியம் எடுத்து எடை பார்ப்பது சின்னவளின் வேலை.

ஒவ்வொரு தடவையும் இரண்டு தகடும் தேயாமல் ஒரே எடை. ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பசை போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். இது கல்லூரி ஆசிட் மாதிரி சுத்தமானதில்லை, இதில் என்னென்னவோ அழுக்கு கலந்திருக்கிறது, அதனால் இதற்கு இயல்பிலேயே இரும்பைத் தின்கிற வேகம் குறைவு, இதில் பசையின் வேலை தெரியவே தெரியாது என்று முடிவுக்கு வந்தாள். அண்ணனோ முதல் நாளிலிருந்தே அதற்கு இறால் சூப் என்று பேர் வைத்துவிட்டார். "சூப்புல நாலு மிளகு தட்டிப் போடுங்க டீச்சர், ஒருவேளை அப்ப பிடிக்கும்" என்பார். சொல்லிச் சிரிக்கும்போதே இருமல் வந்துவிடும்.

ஊரின் பெரிய சலவை ஆலையில் பாய்லர் அடைத்துக்கொண்டது. இறால் சூப்பை நம்பி இனியும் உட்கார்ந்திருக்க முடியாது என்று, டாக்டர் சொன்னதைக் காதில் வாங்காமல், இன்றைக்குக் காலையில் அண்ணன் மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நேற்று வந்து இறங்கிய புது டிரம்மைத் திறந்து ஆசிட்டையும் நிரப்பிக்கொண்டு போனார். அதே டிரம்மிலிருந்துதான் சின்னவளும் ஆசிட் எடுத்தாள். டப்பாவின் அடியில் கொஞ்சம் பொடி மிஞ்சியிருந்தது. மனசு கேட்காமல் கடைசியாக ஒரு தடவை தகடுகளைத் தொங்கவிட்டிருந்தாள். மேசையைக் காலி செய்ய டீச்சர் இன்று வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"புது டிரம்" என்றாள் சின்னவள். "அண்ணி, அண்ணன் இதே ஆசிட்டைத்தான் கொண்டுபோயிருக்கார்."

அண்ணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போனை எடுத்தாள். மணி அடித்தது. பக்கத்து அறையிலேயே அடித்தது. அலமாரியின்மேல் அண்ணனின் போன் சார்ஜில் கிடந்து துள்ளிக்கொண்டிருந்தது.

"இந்த மனுஷன் தலையை ஒருநாள் கழட்டி வச்சிட்டுப் போவார், நான்தான் எடுத்துக்கிட்டு ஓடணும்" என்றாள் அண்ணி. வார்த்தைதான் வழக்கம்போல் வந்தது. கால் அதற்குள் செருப்பைத் தேடியது.

வாசலில் டீச்சரின் கார் நின்றது. அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தவள், இடுக்கியில் தொங்கியதைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே விட்டாள். இரண்டாவது பீக்கரின் நூலைத் தூக்கினாள். அந்தத் தகடு முழுசாக வந்தது. கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். நான்கு மூலையும் கூர்மையாக அப்படியே இருந்தது.

டீச்சர் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். பேயைக் கண்டவள் மாதிரி நின்றாள்.

"ரெண்டும் ஒரே ஆசிட்டா?"

"ஒரே குவளையில எடுத்தேன் டீச்சர். புது டிரம். அண்ணனும் இதையேதான்..."

"கிளம்புங்க" என்றாள் டீச்சர். "இவ்வளவு வேகமான ஆசிட்டுக்கு மஞ்ச மருந்து எவ்வளவு போடணும்னு அவருக்குத் தெரியாது. பழைய அளவுலயே போட்டாருன்னா குழாய் பொத்துக்கும். பக்கத்துலயேதான் நிப்பார்."

கிளம்பும் பதற்றத்தில் டீச்சர் பெட்டியில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுக்கொண்டாள்: மிச்சத் தகடுகள், பிளாஸ்டிக் குவளைகள், பசை பாட்டில், கையுறை. அண்ணி கதவைச் சாத்தினாளா என்றுகூடத் தெரியாது. காரில் சின்னவளின் கண்ணுக்குள் அந்தத் துணுக்குதான் இருந்தது. தொட்டதும் பொத்துக்கொண்ட இடம். அந்த இடத்தில் ஒரு குழாயை நினைத்துப் பார்த்தாள். குழாய்க்குப் பக்கத்தில் அண்ணனையும்.

சலவை ஆலையின் பாய்லர் அறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. வாசல்வரை அழுக்குத் துணி மூட்டைகள் மலையாய்க் குவிந்திருந்தன. மேனேஜர் அவற்றுக்கு நடுவில் கால் மாற்றி நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அண்ணன் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, குழாயின் வால்வை இறுக்கிக்கொண்டிருந்தார். ஆசிட் கேன்கள் இன்னும் வரிசையில்தான் இருந்தன. எதையும் ஊற்றவில்லை.

சின்னவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன, குடும்பமே வந்திருக்கு? டீச்சரையும் கூட்டிட்டு? நான் இன்னும் சாகலையே" என்றார் அண்ணன்.

"வாயைக் கழுவுங்க முதல்ல" என்றாள் அண்ணி. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "போனை விட்டுட்டு வந்தா மனுஷி என்னன்னு நினைப்பா?"

டீச்சர் அந்தத் துணுக்கைக் காட்டினாள். காகிதத்தில் பொதிந்து எடுத்து வந்திருந்தாள். அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இது எங்க வீட்டு மேசைல நடந்ததா? புது டிரம்லயா?" எழுந்துவிட்டார். "அந்தக் கடைக்காரன் என்னத்தை ஊத்திக் குடுத்தான்?"

"அதைத்தான் பாக்கணும்" என்றாள் டீச்சர். "பழைய டிரம் மிச்சம் இருக்கா?"

இருந்தது. பழைய டிரம்மிலிருந்து அரை கேன் அண்ணன் கொண்டுவந்திருந்தார், முதலில் அதைத் தீர்ப்பதற்காக. டீச்சர் அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி, வெந்நீர் வாளியில் வைத்துச் சூடாக்கினாள். ஒரு தகட்டைப் போட்டாள். நால்வரும் குனிந்து பார்த்தார்கள். தகட்டின்மேல் குமிழிகள் கிளம்பின. முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் திரளாக, சரசரவென்று.

"இது பழசுதானே? இதுவும் இப்படித் தின்னுதே!" என்றாள் டீச்சர். அவள் குரல் கீச்சென்று ஏறியது. "அப்ப ஆசிட்ல எந்த வித்தியாசமும் இல்ல. இத்தனை நாளும் நம்ம மேசைல ஏன் இப்படித் தின்னல? யாராவது எதையாவது தொட்டீங்களா?"

"நான் பீக்கரை நல்லாத்தான் கழுவுவேன் டீச்சர்" என்றாள் சின்னவள்.

"என்னைப் பார்க்காதீங்க" என்றாள் அண்ணி. "அந்த மேசைப் பக்கம் போனாலே எனக்கு உடம்பு கூசும்."

"நானும் உங்க கண்ணாடிச் சாமான் பக்கமே போனதில்ல டீச்சர்" என்றார் அண்ணன். "மூஞ்சி கழுவக் குழாய்க்குப் போவேன், வருவேன். அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மூஞ்சிதான் கழுவ முடியும். அதுல உங்க சூப்பைத் தொட்டு எனக்கு என்ன..."

பேசிக்கொண்டேயிருந்தார். டீச்சரின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். அவருடைய வலது கை மட்டும் தனக்கென்று ஒரு புத்தி இருப்பதுபோல் பக்கத்திலிருந்த மஞ்சள் கேனுக்குப் போனது. மூடியைத் திருகியது. மூடியிலேயே கொஞ்சம் சாய்த்து எடுத்தது. குவளைக்கு மேலே வந்து, கவிழ்த்தது.

குமிழிகள் அடங்கிப்போயின.

கருகிய ரப்பர் வாடை அறைக்குள் பரவியது. சின்னவள் அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...ஆகப் போறது?" என்று முடித்தார் அண்ணன். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்ப்பதைக் கவனித்தார். "என்ன? ஏன் இப்படிப் பார்க்கிறீங்க?"

"மேஸ்திரி" என்றாள் டீச்சர் மெதுவாக. "இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? பேசிக்கிட்டுத்தானே..."

"கையில என்ன?"

அண்ணன் குனிந்து தன் கையைப் பார்த்தார். விரல்களுக்கு நடுவில் மஞ்சள் கறையோடு மூடி இருந்தது. யாரோ அதைத் தனக்குத் தெரியாமல் திணித்துவிட்டுப் போன மாதிரி பார்த்தார். வாய் திறந்தது. இருமல்தான் வந்தது. மூடியைத் தரையில் நழுவவிட்டு, சுவரில் கை ஊன்றி, குனிந்து, நெஞ்சு கிழிய இருமினார்.

அடங்கியதும் வாளியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வெறும் ஆசிட்ல இரும்பு கிடந்தா அப்பா விரல் கணுவுல அடிப்பார்" என்றார். குரல் கரகரத்தது. "கத்தி சொல்லமாட்டார். அடிதான். மருந்தைக் கலந்துட்டுத்தான் அப்புறம் மூச்சே விடணும்னு பழக்கினார். தூங்கி எழுந்தா கண்ணைக் கசக்கறோமே, அது மாதிரி. நான்... நான் ஊத்தினேனா டீச்சர்? தினமுமா?"

"குழாய்க்குப் போற வழியில பசை பாட்டில் இருந்துது" என்றாள் சின்னவள். அவளுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போல் கேட்டது. "ரெண்டு பீக்கருக்கும் நடுவுல. மருந்துன்னு பேர் எழுதி நான்தான் வச்சேன்."

"அப்ப வெறும் ஆசிட்டே அங்க இருந்ததில்ல" என்றாள் டீச்சர். ஒரு துணி மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டுலயும் பசைதான். ரெண்டும் ஒரே எடை வராம வேற எப்படி வரும்? இன்னைக்கு நீங்க வீட்டுல இல்ல, அதான் தின்னுடுச்சு. ஆசிட் அழுக்கு அது இதுன்னு நானும் ஒரு கதை கட்டிட்டேன். வேலை செய்யலைன்னு காலேஜ்ல எழுதிக்கூடக் குடுத்துட்டேனே."

அண்ணி இடுப்பில் கை வைத்துப் புருஷனைப் பார்த்தாள். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் அவள் முகம் கோணிக்கொண்டு போனது.

"வாய் இறால் சூப்புன்னு கிண்டல் பண்ணும், கை அதையே எடுத்து ஊத்துமா? உங்களைக் காப்பாத்த வந்ததை உங்க கையாலயே கெடுத்து, பலிக்கலைன்னு மறுபடியும் இந்த விஷத்தைத் தூக்கிக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க. இதை நான் எங்க போய்ச் சொல்லுவேன்?"

"தெரிஞ்சு செஞ்சேனாடி?"

"தெரிஞ்சு செஞ்சிருந்தா ரெண்டு போடு போட்டுட்டு விட்டிருப்பேன். தெரியாம செஞ்சதாலதான் ஈரக்குலை நடுங்குது."

வாசலிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "மேஸ்திரி, ஆரம்பிக்கலாமா? போர்வையெல்லாம் என் கழுத்துவரைக்கும் வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போனா என்னையும் சேர்த்துத் துவைக்க வேண்டியதுதான்."

அண்ணன் மஞ்சள் கேனைப் பார்த்தார். சின்னவளுக்கு அவர் மனசுக்குள் ஓடுவது தெரிந்தது. டீச்சர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் பார்த்தது ஒரே ஒரு தகடு. இந்த வேலையைப் பிழைப்பாக வைத்திருக்கும் எவனும் ஒரு தகட்டைப் பார்த்து மருந்தை மாற்றமாட்டான். இன்றைக்கு இந்தக் கேனை ஊற்றிவிட்டு, நாளைக்கு யோசிக்கலாம் என்று இருந்துவிடுவார். அந்த நாளை நாளைக்கும் வராது. அப்பாவுக்கும் வரவில்லை.

"டீச்சர்" என்றாள். "பெட்டியில தகடு இருக்குல்ல? இங்கயே போட்டுப் பாக்கலாமா? அண்ணன் கண்ணுக்கு முன்னாடி?"

டீச்சர் எழுந்தாள். இரண்டு புதுக் குவளைகள். இரண்டிலும் ஒரே கேனிலிருந்து ஆசிட். ஒன்றில் பாட்டிலின் அடியில் கிடந்த பசையை விட்டுக் கலக்கினாள். மற்றொன்று வெறும் ஆசிட். இரண்டையும் கொதிக்கும் வெந்நீர் வாளியில் இறக்கினாள். தகடுகளை அண்ணனிடம் காட்டி, ஒரே தகட்டை இரண்டாக வெட்டியது என்று சொல்லிவிட்டு, குவளைக்கு ஒன்றாகப் போட்டாள்.

வெறும் ஆசிட் சீறத் தொடங்கியதுமே அண்ணன் எழுந்துவிட்டார்.

"பிடிங்க அவரை" என்றாள் டீச்சர்.

அண்ணி பின்னால் போய் அவருடைய இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் துணி மூட்டையைத் தாண்டி உள்ளே வந்து, இது என்ன கூத்து என்பதுபோல் நின்றார்.

"விடுடி. நான் சும்மா பார்க்கத்தான் போறேன்."

"இங்கிருந்தே பாருங்க. கண்ணு இருக்குல்ல?"

அண்ணன் பார்த்தார். வெறும் ஆசிட்டில் தகடு புகைபோல் குமிழி விட்டுக்கொண்டு கறுத்தது. ஒரு மூலை மழுங்கியது. பிறகு அந்த மூலையே இல்லை. பக்கத்துக் குவளையில் மற்றொரு பாதி அடியில் அமைதியாகக் கிடந்தது. எப்போதாவது ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. அறையில் மஞ்சள் மருந்தின் வாடையைத் தவிர வேறு வாடையே இல்லை.

அண்ணனின் தோள் துடித்தது. முதுகுக்குப் பின்னால் விரல்கள் மடங்குவதும் விரிவதுமாக இருந்தன. நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"போதும், எடுத்துடுங்க" என்றார். "அய்யோ, தின்னுது பாருங்க டீச்சர். எடுத்துடுங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"இன்னும் கொஞ்சம்."

"நம்ம வீட்டுப் பிள்ளையைக் கிணத்துல போட்டுட்டு நின்னு வேடிக்கை பாக்கற மாதிரி இருக்கு."

"பக்கத்துல பாருங்க" என்றாள் சின்னவள். "அண்ணா, பக்கத்துல இருக்கறதைப் பாருங்க."

அவர் வெகுநேரம் அந்த இரண்டாவது குவளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருமல் வந்தது. கைகள் பின்னால் இருந்ததால் வாயைப் பொத்த முடியாமல், தலையைத் தோளில் புதைத்து இருமினார். அண்ணி பிடியை விடவில்லை. அவர் முதுகில் தன் நெற்றியை மட்டும் சாய்த்துக்கொண்டாள்.

முதல் குவளையில் தகடு இரண்டாக உடைந்து அடியில் விழுந்தது.

"மேனேஜர் சார்" என்றார் அண்ணன். குரல் எங்கிருந்தோ வந்தது. "இன்னைக்கு வேலை இல்ல. டீச்சர் இதை நிறையக் கலந்து தரணும். மறுபடியும் மறுபடியும் போட்டுப் பாக்கணும். அதுக்கப்புறம்தான் உங்க பாய்லர்."

"யோவ், என் போர்வையெல்லாம்?"

"அழுக்காவே இருக்கட்டும். அழுக்குல யாரும் செத்ததில்ல."

மேனேஜர் அண்ணனின் முகத்தைப் பார்த்தார், பின்னால் பிடிபட்ட கைகளைப் பார்த்தார், மூட்டைகளைத் தாண்டிப் போய்விட்டார்.

"சின்னவளே" என்றார் அண்ணன். குவளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க அண்ணி கையை விடமாட்டேங்கிறா. அந்த மஞ்சக் கேனை நீயே மூடிடு."

தரையில் கிடந்த மூடியை எடுத்து வைத்து, இதற்குமேல் திரும்பாது என்கிறவரை சின்னவள் இறுக்கினாள்.